ஒரே சட்டி, நாலு கிண்ணம்

உ

காரைக்குடி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பச்சியும் நானும் நலம். போனில் நீ கேட்டதற்குப் பாதிதான் பதில் சொல்ல முடிந்தது. பின்னால் சின்னவள் அழுகிற சத்தம், நடுநடுவே மருமகளின் இருமல். சளிக்கு என்ன மருந்து வாங்கலாம் என்று கேட்காமல், கோழி சூப் எப்படி வைப்பது என்று கேட்டாய் பார், அதில் எனக்கு ஒரு சந்தோஷம். வாட்ஸ்அப்பில் தட்டிவிடலாம்தான். நாலு நாளில் அது எங்கேயோ மேலே போய்விடும், நீயும் திரும்பக் கேட்பாய். இதை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்துக்கொள்.

முதலில் கோழி. சூப்பின் முக்கால்வாசி அதிலேயே முடிந்துவிடுகிறது. கடையில் வெள்ளையாகத் தட்டில் அடுக்கி விற்கிறார்களே, அது ஐந்தாறு வாரத்துப் பிராய்லர். வறுக்க நல்லது, சீக்கிரம் வேகும். சாறு இறக்க அது போதாது. சூப்புக்கு வயசான பெட்டைதான் வேண்டும், முட்டையிட்டு ஓய்ந்தது. இங்கே நாட்டுக்கோழியில் அப்படிப்பட்டதைக் கேட்டு வாங்குவோம். நாங்கள் அங்கே வந்திருந்தபோது ஃப்ரீசர் பெட்டியில் ஒல்லியாக ஒரு கோழி கிடந்ததே, ஜெர்மன் மொழியில் 'சூப்பன்ஹூன்', அதாவது சூப்புக் கோழி என்று பெயர் ஒட்டி? "அது கிழட்டுக் கோழி, வேகாது" என்று தள்ளிக்கொண்டு போனாய். அதைத்தான் இப்போது தேடி வாங்க வேண்டும். ஓடியாடி வயசான கோழியின் தோலிலும் மூட்டிலும் இருக்கிற கெட்டியான சவ்வுதான், நேரம் கொடுத்தால் கரைந்து சாறாக இறங்கும். கிடைக்கவில்லையென்றால் பிராய்லரின் இறக்கை, கழுத்து, கால் எலும்பு எல்லாம் சேர்த்து வாங்கு. நெஞ்சுக்கறியை மட்டும் போட்டுச் சூப் வைக்கிறேன் என்று கிளம்பாதே. கோழிப் பாதம் கிடைத்தால் விடாதே. சுடுதண்ணீரில் முக்கி, மஞ்சள் தோலை உரித்து, நகத்தை வெட்டிவிட்டுப் போடு. மருமகள் முகம் சுளிப்பாள் என்றால் அவள் பார்க்காதபோது போடு.

உங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது, அதனால் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடு. உறைந்த கோழியை முதல் நாளே ஒரு பாத்திரத்தில் வைத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வை. மேடைமேல் வைத்து உருக விடாதே. அப்பத்தா மஞ்சளும் உப்பும் போட்டு, தண்ணீர் தெளிகிற வரைக்கும் கழுவுவார்கள். முற்றத்தில் உட்கார்ந்து கழுவினால் அது சரி. உன் அடுப்படியில் குழாய்க்கு நேராகப் பிடித்துக் கழுவினால், தெறிக்கிற துளியோடு கிருமியும் பக்கத்தில் காய்கிற பால்புட்டி வரை போகும். கழுவாமல் மனசு ஒப்பாதென்றால் அகலமான பாத்திரத்தில் தண்ணீரை நிறுத்தி, மஞ்சள் போட்டு, மெதுவாக அலசி எடு. அப்புறம் சிங்க்கைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடு.

இனி சட்டி. எலும்போடு ஒன்றரைக் கிலோ கோழிக்கு மூன்று லிட்டர் பச்சைத் தண்ணீர். சுடுதண்ணீரில் போடாதே; பச்சைத் தண்ணீரில் போட்டுச் சூடேற்றினால்தான் அழுக்கு நுரையாக மேலே வரும். கொதி வரப் போகிற நேரத்தில் சாம்பல் நிறத்தில் திரளும், அப்போது பக்கத்திலேயே நின்று கரண்டியால் எடுத்துக்கொண்டே இரு. அந்தப் பத்து நிமிஷம் போனைக் கையில் எடுக்காதே. நுரை அடங்கினதும் பத்துப் பன்னிரண்டு சின்ன வெங்காயத்தை உரித்துத் தட்டிப் போடு. ஒரு முழுப் பூண்டு, கட்டைவிரல் அளவு இஞ்சி, கால் ஸ்பூன் மஞ்சள். அவ்வளவுதான். உப்பு வேண்டாம், மிளகு வேண்டாம், மிளகாய் வேண்டவே வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், பொறு.

உன் அடுப்பில் 9 வரை எண் இருந்தது ஞாபகம். நுரை எடுக்கிற வரைக்கும் அதிகம் வைத்துக்கொள். பிறகு 2, இல்லாவிட்டால் 3. தண்ணீர் தளதளவென்று கொதிக்கக் கூடாது. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழ் வந்து உடைந்தால் போதும். வேகமாகக் கொதிக்க விட்டால் கொழுப்பு சாற்றோடு கலந்து கலங்கிப்போகும், நாக்கிலும் பிசுபிசுக்கும். வயசான கோழி மூன்று மணி நேரம் கேட்கும். பிராய்லர் எலும்புக்கு ஒன்றரை மணி போதும். குக்கரில் வைக்கலாமா என்று கேட்டாய். வை, முக்கால் மணியில் வெந்துவிடும், அலுவலக நாளுக்கு அதுதான் தோது. வாசனையில் கொஞ்சம் குறையும். குடிக்கிறவர்களுக்குத் தெரியாது, உனக்குத் தெரியும்.

அங்கே கேரட், லீக்ஸ், செலரிக் கிழங்கு எல்லாம் ஒன்றாகக் கட்டி 'சூப்பன்க்ரூன்' என்று விற்கிறார்களே, அதையும் போடலாம். கடைசி முக்கால் மணிக்குப் போட்டால் போதும். அந்தக் கிழங்கை மட்டும் பாதியாக வெட்டிப் போடு. முழுசும் போட்டால் கோழி வாசனையை அமுக்கிவிடும்.

சரி, உப்பும் மிளகும் ஏன் வேண்டாம் என்பதற்கு வருகிறேன். எனக்குக் கல்யாணமாகி வந்த புதிதில் வளவு முழுக்க ஆள். இரண்டாம் கட்டில் அடுப்புகள் வரிசையாக இருக்கும். கல்யாணமான பிள்ளைகளைத் தனிச் சமையலுக்கு வேறு வைத்த பிறகு ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது ஒவ்வொரு ஜோடிக்கும், ஒரு அடுப்பு, அவரவர் சமையல் அவரவருக்கு. ஆனால் மழைக்காலத்தில் வீட்டில் ஒருத்தருக்குச் சளி பிடித்தால் எல்லோருக்கும் பிடிக்கும். அப்போது மட்டும் கோழி ஒரே சட்டியில்தான். அப்பத்தா பின்கட்டு விறகடுப்பில், மத்தியானச் சமையல் முடிந்த கங்கில், பெரிய சட்டியை ஏற்றிவிட்டுப் போய்ப் படுத்துவிடுவார்கள். சாயங்காலம் எழுந்து வந்து மூடியைத் திறக்கும்போது ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒரு பாத்திரம் வரும். சாற்றை மட்டும் முகந்து கொடுப்பார்கள். உப்பு, காரம், தாளிப்பு எல்லாம் அவரவர் அடுப்பில். ஒரு வீட்டில் பிள்ளை பெற்றவள் இருப்பாள், ஒரு வீட்டில் பல் போன ஐயா இருப்பார், இன்னொரு வீட்டில் ரங்கூனிலிருந்து திரும்பி வந்த பெரியவர், அவருக்கு எதிலும் காரம் போதாது. சட்டியிலேயே காரத்தைக் கொட்டியிருந்தால் பாதிப் பேர் பட்டினி.

உன் வீட்டிலும் இப்போது அப்படித்தான் நாலு விதமான வாய். அதனால் சட்டியில் வெறும் சாறு, மற்றதெல்லாம் கிண்ணத்தில்.

சின்னவளுக்கு இன்னும் ஒரு வயசு ஆகவில்லை. அவள் பங்கை முதலில் எடுத்துவிடு, உப்பு போடாமல். ஒரு வயசு வரைக்கும் உணவில் தனியாக உப்பு சேர்க்க வேண்டாம் என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். கடையில் விற்கிற சூப் கட்டியை அவள் பக்கமே கொண்டுபோகாதே, அதில் பெரும்பங்கு உப்புதான். குழைந்த சாதத்தில் இந்தச் சாற்றை ஊற்றி, வெந்த கறியையும் நாரில்லாமல் மசித்துச் சேர்த்துப் பிசைந்து கொடு. வெறும் சாற்றைக் குடிக்க வைத்துவிட்டுப் பலம் ஏறிவிடும் என்று நினைக்காதே. இரும்புச் சத்தும் புரதமும் கறியில்தான் பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

பெரியவளுக்கு உப்பு போட்டு, கேரட் துண்டு போட்டு, அவளுக்குப் பிடித்த அந்த மெல்லிய நூடுல்ஸைத் தனியாக வேக வைத்துப் போடு. மிளகு கண்ணில் பட்டால் கிண்ணத்தைத் தள்ளிவிடுவாள், தெரியும். போகட்டும், வளர்ந்தால் தானே கேட்பாள்.

மருமகளுக்கு ஒரு ஸ்பூன் மிளகு, அரை ஸ்பூன் சீரகம், இரண்டு பல் பூண்டு, ஒன்றிரண்டாகத் தட்டி, நல்லெண்ணெயில் கறிவேப்பிலையோடு ஒரு புரட்டுப் புரட்டி, இரண்டு கிண்ணம் சாறு ஊற்றி, ஒரு கொதி வந்ததும் இறக்கு. மிளகைச் சாற்றோடு மணிக்கணக்கில் கொதிக்க வைத்தால் மணம் ஆவியாகப் போய், காரம் மட்டும் தங்கும். பொடியாக அரைத்து டப்பாவில் அடைத்து விற்கிற மிளகும் அப்படித்தான். கறிவேப்பிலைக்கு அந்த யாழ்ப்பாணத்துக்காரர் கடைக்குப் போ, சின்ன வெங்காயமும் அங்கேதான் நன்றாக இருந்தது.

உனக்கு? அதே தாளிப்பில் ஒரு இணுக்குக் கல்பாசி. பெயர்தான் பாசி, பாசியும் பூஞ்சையும் சேர்ந்து பாறையிலும் மரத்திலும் படர்வது அது; எண்ணெய் சூட்டில் பட்டால்தான் வாசனையைத் திறக்கும். கொஞ்சம் கூடினாலும் கசந்துவிடும், ஒரு இணுக்கு என்றால் ஒரு இணுக்கு. வரமிளகாய் போட வேண்டுமென்றால் ஒன்று கிள்ளிப் போடு, விதையை உதறிவிட்டு.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். வெளியூர் ஓட்டல்களில் 'செட்டிநாடு' என்று பெயர் போட்டு, சிவப்பாக எண்ணெய் மிதக்க ஒன்றைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். உன் அலுவலகத்து நண்பர்களும் அதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் "உங்கள் ஊர்ச் சாப்பாடு நெருப்பு" என்றார்கள் போல. மிளகாய் நம் நாட்டுக்குக் கப்பலில் வந்தது, போர்ச்சுக்கீசியர் வந்த பிறகு. அதற்கு முன்னால் காரம் என்றால் மிளகுதான். நம் வீட்டுக் காரம் தொண்டையில் இறங்கி மூக்கில் ஏறும், வயிற்றை எரிக்காது. அவர்களை ஒரு நாள் கூப்பிட்டு உன் கையால் சூப் கொடு.

அப்பச்சி பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த ஆராய்ச்சியையும் எழுது" என்கிறார்கள். அமெரிக்காவில் நெப்ராஸ்காவில் ஸ்டீபன் ரென்னார்ட் என்று ஒரு நுரையீரல் மருத்துவர், மனைவியின் பாட்டி பக்குவத்தில் வைத்த கோழி சூப்பைச் சோதனைக்கூடத்துக்கே எடுத்துப்போய் ஆராய்ந்து 2000-இல் கட்டுரை வெளியிட்டாராம். சளியில் வீக்கத்தை உண்டாக்குகிற வெள்ளை அணுக்களின் நடமாட்டத்தை அது கொஞ்சம் மட்டுப்படுத்தியதாம். ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் பார்த்தது, ஆளுக்குக் கொடுத்துப் பார்த்தது இல்லை. ஆளுக்குக் கொடுத்துப் பார்த்தது 1978-இல், மயாமியில். சூடான கோழி சூப் மூக்குச் சளியை வெந்நீரைவிட நன்றாக நகர்த்தியதாம், அரை மணியில் பலன் போய்விட்டதாம். என் கணக்குக்கு இதிலிருந்து தெரிவது ஒன்றுதான்: ஒரேயடியாக ஒரு பெரிய கிண்ணம் கொடுக்காமல், மருமகளுக்குச் சின்னச் சின்னதாக நாலு வேளை கொடு. காய்ச்சல் விடாமல் அடித்தாலோ, சின்னவளுக்கு மூச்சு இழுத்தாலோ சூப்பை நம்பிக்கொண்டு இருக்காதே, டாக்டரிடம் போய்விடு.

மிச்சம் நிறைய வரும். வடிகட்டி அகலமான பாத்திரத்தில் ஊற்றி ஆற வை, சிங்க்கில் பச்சைத் தண்ணீர் நிறுத்தி அதில் வைத்தால் சீக்கிரம் ஆறும். இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். மறுநாள் திறந்து பார்த்தால் கட்டியாக உறைந்து ஆடும். கெட்டுப்போச்சு என்று கொட்டிவிடாதே, நீ வைத்த சூப் நன்றாக வந்திருக்கிறது என்று அர்த்தம். மேலே படிந்த மஞ்சள் கொழுப்பை எடுத்துத் தனியாக வைத்துக்கொள், முட்டை பொரிக்க அதைவிட நல்லது இல்லை. மூன்று நாளுக்கு மேல் ஃப்ரிட்ஜில் வேண்டாம், சின்ன டப்பாக்களில் ஊற்றி ஃப்ரீசரில் போடு. பின்னால் யாராவது தும்மினால் சுட வைக்கிற வேலைதான்.

கறியை என்ன செய்வது? மூன்று மணி நேரம் வெந்த கறியில் ருசி போய்விட்டது என்று அங்கே சிலர் தூக்கிப் போடுவார்களாம், நீயே சொன்னாய். எலும்பை எடுத்துவிட்டுப் பிய்த்து வை. நல்லெண்ணெயில் வரமிளகாயைக் கிள்ளிப் போட்டு, கை நிறையச் சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கி, கறியைப் போட்டு, ஒரு கரண்டி சாறு தெளித்து, உப்பு சேர்த்துச் சுருள விடு. உப்புக்கறி மாதிரிதான், மசாலா எதுவும் கிடையாது. சாதத்தில் சூடான சாற்றை ஊற்றி, இதைத் தொட்டுக்கொண்டு சாப்பிடு. உனக்குச் சளி இல்லாவிட்டாலும் சாப்பிடு. எல்லோருக்கும் ஊற்றிவிட்டுச் சட்டியை வழித்துக் குடித்துவிட்டுப் படுத்துவிடாதே, நீயும் மெலிந்திருக்கிறாய்.

உப்புக்கண்டம் கேட்டிருந்தாய். கறி, பால் சமாச்சாரம் எதுவும் பார்சலில் ஐரோப்பாவுக்குள் விட மாட்டார்கள், பிடித்துப் போட்டுவிடுவார்கள். நீ வரும்போது இங்கேயே சாப்பிட்டுக்கொள். மிளகும் கல்பாசியும் அப்பச்சி இந்த வாரம் அனுப்புகிறார்கள். தட்ட ஒன்றும் இல்லை என்று சொல்லாதே. நான் கொடுத்துவிட்ட சின்ன இரும்பு உரல் உன் பால்கனிக் கதவுக்கு முட்டுக் கொடுத்து நிற்பதைப் போன வாரம் அனுப்பிய படத்தில் பார்த்தேன். அதை எடுத்துக் கழுவித் துடைத்து, லேசாக எண்ணெய் தடவி, அடுப்படியில் வை.

அன்புடன்,
ஆத்தா