பொதுப் பங்ஷனை மாற்றும் பற்ச்: வன்னி மாணவர்க்கும் விரிவுரையாளர்க்கும் ஒரு திறந்த மடல்

கிளிநொச்சி அறிவியல்நகரிலும் வவுனியா பம்பைமடுவிலும் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கேர்னலைப் பயில்வோருக்கும் பயிற்றுவிப்போருக்கும் வணக்கம்.

பல ட்ரைவர்கள் (வன்பொருளை இயக்கும் நிரல்கள்) பாவிக்கும் ஒரு பொதுப் பங்ஷனை மாற்றும் பற்ச், அதாவது நிரல் திருத்தம், மீளாய்வுக்கு வந்தால், அதிலுள்ள வரிகளை மட்டும் பார்த்து மீளாய்ந்தவர் யாரென்று காட்டும் ரிவியூட்-பை வரியில் பெயர் போடாதீர்கள். பிழை அநேகமாகப் பற்ச்சுக்கு வெளியே, அந்தப் பங்ஷனை அழைக்கும் இடத்தில் கிடக்கும்.

உதாரணமாக, சரத்தை (எழுத்துத் தொடரை) கொப்பி செய்யும் பங்ஷனான ஸ்டர்எல்கொப்பி (strlcpy) மூலச் சரத்தின் முழு நீளத்தைத் திருப்பித் தரும். அதன் இடத்துக்கு வந்த ஸ்டர்எஸ்கொப்பி (strscpy), கொப்பி செய்த எழுத்துகளின் எண்ணிக்கையைத் தரும். இடம் போதாவிட்டால் -7, அதாவது ஈ-டூ-பிக் என்ற பிழைக்குறி. பெயரில் ஓரெழுத்துத்தான் வித்தியாசம். பழைய அழைப்பிலோ, திரும்பிய எண் பஃபர் (கொப்பி போய்ச்சேரும் நினைவிடம்) அளவுக்குச் சமமா, கூடவா என்று பார்த்துச் சரம் வெட்டுப்பட்டதைக் கண்டுபிடித்திருப்பார்கள். ஒப்பீட்டின் இரண்டு பக்கமும் குறியுள்ள முழு எண்ணான இன்ட் என்றால் -7 எந்த அளவைவிடவும் சிறியது. சரம் வெட்டுப்பட்டாலும் சோதனை பேசாமல் இருந்துவிடும். அளவை, குறியற்ற எண்ணைத் தரும் சைஸ்ஓஃப்பால் எடுத்திருந்தால் -7 குறியற்ற மாபெரும் எண்ணாகி, சோதனை தற்செயலாகச் சரிவரும். அந்த ஓரிடத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு மற்ற இடங்களை நம்பக்கூடாது. திரும்பிய எண்ணை ஓஃப்செட்டோடு (அடுத்து எழுதவேண்டிய இடத்தின் எண்ணோடு) கூட்டும் இடம் இன்னும் மோசம்: 7 பைட் பின்னுக்குப் போய், ஏற்கெனவே எழுதியதன் மேலேயே எழுதும்.

ஆகவே திருப்பித் தருவதன் பொருள் மாறினால் பெயரையும் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். பழையதை நீக்கும்போது, திருத்தாமல் விட்ட அழைப்பு கொம்பைல் ஆகாது. கேர்னலும் அப்படித்தான் செய்தது: புதியது 2015இல் சேர்ந்தது, அழைப்புகள் கொஞ்சம் கொஞ்சமாக மாறின, பழையது 2024இல் வெளிவந்த 6.8 பதிப்பில்தான் நீங்கியது. இடையிலுள்ள ஒவ்வொரு கொமிற்றும் (பதிந்த மாற்றமும்) தனியே கொம்பைல் ஆகவேண்டும். இல்லாவிட்டால் பிறகு பிழை புகுந்த கொமிற்றைத் தேடக் கிற் பைசெக்ற் போடுகிறவர் பாடு திண்டாட்டம்.

நிரலில் பெயரைத் தேடும் கிற் கிரெப் எல்லாவற்றையும் காட்டாது. மக்ரோ துண்டுகளை ஒட்டி உருவாக்கும் பெயர் அதில் அகப்படாது. முடிந்த எல்லாவற்றையும் மொடியூல்களாகச் சேர்க்கும் ஓல்மொட்கொன்ஃபிக் அமைப்பை எக்ஸ்86 செயலிக்கு மட்டுமன்றி ஆர்ம்64க்கும் ஒரு 32 பிற் இலக்குக்கும் கொம்பைல் செய்யுங்கள். பங்ஷன் புதிதாக ஜிஎஃப்பி-கேர்னலில் (காத்திருந்து உறங்கக்கூடிய முறையில்) நினைவகம் கேட்டால், ஸ்பின்லொக் என்ற பூட்டைப் பிடித்தபடி அதை அழைப்பவர் உண்டா என்று தேடுங்கள், அங்கே உறங்கக்கூடாது. டிபக்-அற்றொமிக்-ஸ்லீப் என்ற சோதனை அமைப்பை இயக்கி ஓட்டினால், அந்த வழியாக அழைப்பு போகும்போது எச்சரிக்கை வரும்.

விரிவுரையாளர்களிடம் இரண்டு கோரிக்கை. கடைசிக் கொமிற்றை மட்டும் எடுக்கும்படி ஆழம் 1 என்று குளோன் செய்த பிரதியில் வரலாறு இல்லை. ஒவ்வொரு வரியும் எந்தக் கொமிற்றில் வந்தது என்று சொல்லும் கிற் பிளேம் எல்லா வரிக்கும் ஒரே கொமிற்றையே காட்டும். முழு வரலாற்றையும் மொபைல் டேற்றாவில் இறக்கச் சொல்வது நியாயமில்லை. ஆய்வுகூடத்தில் ஒரு முழுப்பிரதியை வைத்து, அதிலிருந்து பிள்ளைகளைக் குளோன் எடுக்க விடுங்கள். அனுப்பிய பற்ச்சுகளை எண்ணிப் புள்ளி போடுவதோடு நிற்காமல், அழைப்பிடங்களைத் தேடிப் பார்த்து எழுதிய மீளாய்வுக்கும் புள்ளி கொடுங்கள்.

இப்படிக்கு,
வன்னியிலிருந்து கேர்னல் பற்ச் மீளாயும் சிலர்