2024–25 ஆண்டறிக்கை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, தாய்மார்களே, வணக்கம்.

வழக்கமாகத் தெருவிளக்கில் தொடங்கும் அறிக்கை இம்முறை டிசம்பர் 26-இல் தொடங்குகிறது. சுனாமியின் 20-ஆம் ஆண்டு நினைவு நாளுக்காக மட்டும் செயற்குழு மூன்று முறை கூடியது.

2004-இல் அந்த ஞாயிறு காலை ஆறரை மணி வாக்கில் சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. அலை நாகை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவகாசம் இருந்தது, சொல்லத்தான் ஆளில்லை. ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்ததே 2007-இல். தமிழ்நாட்டில் இறந்த சுமார் 8,000 பேரில் 6,000-க்கும் மேற்பட்டோர் நம் மாவட்டத்தில் மாண்டார்கள். அக்கரைப்பேட்டையும் கீச்சாங்குப்பமும் கிடந்த கிடப்பை இங்கிருப்பவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை.

முதல் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார்: "வருஷா வருஷம் பால் ஊத்துறோம், பூ தூவுறோம். பொணத்தை எடுத்தவங்கள ஒரு தடவையாவது கூப்பிட்டோமா?" பதில் சொல்ல முடியவில்லை. தஞ்சையிலிருந்து வந்து நம் ஆட்சியராகவே பொறுப்பேற்ற ராதாகிருஷ்ணன் அவர்களைச் சொல்கிறோம், அது நியாயம். அடக்கத்துக்கு நாகூர் தர்கா இடம் கொடுத்ததையும் சொல்கிறோம். வெளியூர் நகராட்சிகளிலிருந்து லாரியில் வந்திறங்கிய துப்புரவுப் பணியாளர்களைச் சொன்னதே இல்லை.

சங்கத்தின் பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். அரிசி மூட்டை கொடுத்தவர், சேலை கொடுத்தவர், பாய் கொடுத்தவர் எல்லார் பெயரும் முகவரியோடு இருக்கிறது. டிசம்பர் 29-ஆம் தேதிக்கு எதிரே ஒரே வரி: "நகராட்சி ஆட்கள் 11 பேர், டீ, பன்." எழுதியவன் நான்தான். பெயர் கேட்கத் தோன்றவில்லை.

அந்த 11 பேரைத் தேடி மூவரைக் கண்டோம். இருவர் இறந்துவிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற ஒருவர் மட்டும் மகனோடு வந்திருந்தார். மேடையில் உட்கார மாட்டேன் என்றுவிட்டார். முதல் இரண்டு நாள் கையுறை இல்லை, பாலித்தீன் பையைக் கையில் சுற்றிக் கட்டிக்கொண்டு தூக்கினோம் என்றார். பொக்லைன் குழி தோண்டியது, அதற்குள் இறங்கி வரிசையாகக் கிடத்தியது அவர்கள். சின்னப் பிள்ளைகளை மட்டும் பெரியவர்களோடு சேர்க்காமல் தனியாக வைத்தார்களாம். யாரும் சொல்லி அல்ல. ஊர் திரும்பிய பிறகு இரண்டு மாதம் கருவாட்டு வாடை பட்டாலே குமட்டியது என்றார். அதற்குமேல் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பொன்னாடைக்கும் பயணப்படிக்கும் ஆன செலவை வீண் என்று இரு உறுப்பினர்கள் எழுத்தில் ஆட்சேபித்துள்ளனர். பதிவு செய்திருக்கிறேன். ஃபிளக்ஸ் பேனருக்கு அதைவிடக் கூடுதலாகச் செலவழித்த ஆண்டுகளில் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்தே பதிவு செய்கிறேன்.

மற்றவை: நான்கு தெருவிளக்குகள் சரிசெய்யப்பட்டன. வடிகால் மனு நிலுவையில் உள்ளது. சந்தா பாக்கி சென்ற ஆண்டைப் போலவே. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

மீதி எட்டுப் பேரைத் தேட ஒரு தீர்மானம் இன்று முன்வைக்கப்படுகிறது. அந்த வாரத்தில் அவர்களோடு பேசியவர்கள், ஊர்ப்பெயர் மட்டும் நினைவிருந்தாலும், கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள். பதிவேட்டில் அந்த வரிக்குக் கீழே இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்