ஏசியில வர்ற ஈர சாக்ஸ் நாத்தம் பத்தி நம்ம கஸ்டமர்களுக்கு ஒரு மடல்

சார், மேடம், எல்லாருக்கும் வணக்கம்.

மாசி பாதி தாண்டிருச்சு, கடை போன் காலையில ஏழு மணிக்கே அடிக்க ஆரம்பிச்சிருச்சு. பாதி பேர் சொல்றது ஒரே விஷயம்தான், "நாலு மாசம் கழிச்சு இன்னைக்குதான் ஏசி போட்டோம், ஈர சாக்ஸ் மாதிரி ஒரு நாத்தம் வருது, கேஸ் தீந்துருச்சா வந்து பாருங்க". ஒவ்வொருத்தருக்கா சொல்லி தொண்டை கட்டிருச்சு, அதான் எல்லாருக்கும் சேத்து எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

முதல்ல கேஸ் விஷயம். அது சமையல் சிலிண்டர் மாதிரி எரிஞ்சு தீர்ற சாமான் கிடையாது, காப்பர் பைப்புக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கும், எங்கயாவது லீக் இருந்தாதான் குறையும். நாத்தம் வருதுன்னு நீங்க சொன்னதுக்கு ஒருத்தர் கேஸ் டாப்-அப் பண்ணணும்னு பில் போட்டா, தண்ணி குடுத்து அனுப்பி வச்சிருங்க, அது நானா இருந்தாலும் சரி.

நாத்தம் வர்றது பூஞ்சையாலயும் பாக்டீரியாவாலயும். சொம்புல ஐஸ் தண்ணி ஊத்தி வச்சா வெளிய வேர்க்குதுல்ல, அதே கதைதான் உள்ள கூலிங் காயில்லயும் நடக்குது, சென்னை புழுக்கத்துல ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலயே தண்ணி இறக்கும், அது கீழ இருக்கிற ட்ரேல விழுந்து பைப் வழியா வெளிய போயிரும். ஆனா போறது தண்ணி மட்டும்தானே, தூசி, முடி, மெத்தை பஞ்சு, நம்ம தோல்ல உதிர்ற பொடி, வெள்ளிக்கிழமை போடுற சாம்பிராணி புகை, வதக்கற எண்ணெய் பிசுக்கு, எல்லாம் அங்கயே ஒட்டிக்கும். இருட்டு இருக்கு, ஈரம் இருக்கு, தீனியும் இருக்கு, அப்புறம் என்ன வேணும் அதுக்கு.

போன வாரம் தாம்பரம் பக்கம் ஒரு வீடு, ரெண்டு சின்ன பசங்க, ராத்திரி ஆனா பெரியவனுக்கு இருமல். அந்தம்மா ரொம்ப சுத்தம், வாரா வாரம் ஃபில்டர் கழுவறாங்க, ஃபில்டர் பளிச்சுன்னு இருந்துச்சு. ஸ்விங் தகட்ட விலக்கி உள்ள டார்ச் அடிச்சு ப்ளோயர காட்டினேன், நீளமா உருளை மாதிரி சுத்துமே அதுதான் ப்ளோயர். ஈரத்துணிய மடிச்சு வச்சா கரும்புள்ளி விழுமே, அதே மாதிரி ஒவ்வொரு இறக்கையிலயும் வரிசையா கருப்பு. ட்ரேய கழட்டினா ஆறின கஞ்சி மேல படியற ஆடை மாதிரி வழவழன்னு ஒரு படலம், விரல்ல தொட்டா இழுத்துக்கிட்டே வருது, அது பாக்டீரியா சேந்து கட்டுற கூடு. கழுவின தண்ணி பக்கெட்ல டிக்காஷன் கலர்ல இறங்குச்சு. அந்தம்மா ஒண்ணுமே பேசல, போய் பையன் தலைகாணிய எடுத்து வெயில்ல போட்டுட்டு வந்தாங்க.

ஒரு உண்மைய சொல்லிடறேன், ஆரம்பத்துல நாங்களும் காயில் முன்பக்கம் தண்ணி அடிச்சுட்டு சர்வீஸ் முடிஞ்சதுன்னு கையெழுத்து வாங்கிட்டு வந்தவங்கதான். பத்து நாள்ல திரும்ப போன் வரும், அதே நாத்தம். ப்ளோயரையும் ட்ரேயையும் தொடாத சர்வீஸ் சர்வீஸே இல்லன்னு அப்பதான் மண்டையில ஏறுச்சு.

சரி, உடம்புக்கு என்ன பண்ணும்? நான் டாக்டர் இல்ல, தெரிஞ்சத சொல்றேன். நல்லா இருக்கிற ஆளுக்கு பெரும்பாலும் தும்மல், மூக்கடைப்பு, தொண்டை கரகரப்போட போயிரும். ஆஸ்துமா, வீசிங் இருக்கிறவங்களுக்கு அதே காத்து இழுப்ப கிளப்பி விட்டுரும். சில பேருக்கு நுரையீரலே அந்த பூஞ்சை தூளுக்கு எதிரா பொங்கும், ஏசில இருந்த சில மணி நேரத்துல காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சு வாங்கறது, பாத்தா ஃப்ளூ மாதிரியே இருக்கும். ஊருக்கு போய் நாலு நாள் இருந்தா இருமல் நிக்குது, வீட்டுக்கு வந்து அதே ரூம்ல படுத்தா திரும்ப வருதுன்னா, அத அப்படியே டாக்டர்கிட்ட சொல்லுங்க, அவங்க கேட்காட்டியும் சொல்லுங்க. கீமோ எடுக்கிறவங்க, கிட்னி மாத்தினவங்க, முன்னாடி டிபி வந்து நுரையீரல்ல தழும்பு இருக்கிறவங்க, இவங்க ரூம் ஏசி சர்வீஸ தள்ளிப்போடவே கூடாது, ஆஸ்பர்ஜில்லஸ்னு ஒரு பூஞ்சை இருக்கு, நல்லா இருக்கிற ஆள பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது, இவங்க நுரையீரல்ல போய் குடியேறிடலாம்.

வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் சுத்துது, ஏசி போட்டா லீஜனேர்ஸ் நோய் வந்து செத்துருவோம்னு. நோய் நிஜம், மெசேஜ்தான் அரைகுறை. 1976ல அமெரிக்காவுல ஃபிலடெல்பியாவுல ஒரு ஓட்டல்ல அமெரிக்கன் லீஜன்னு பழைய ராணுவக்காரங்க சங்கத்து மாநாடு நடந்துச்சு, 200 பேருக்கு மேல நிமோனியா மாதிரி விழுந்தாங்க, 34 பேர் இறந்துட்டாங்க, என்ன கிருமின்னு பிடிபட அடுத்த ஜனவரி ஆயிருச்சு, அந்த சங்கத்து பேரையே அதுக்கு வச்சாங்க. 2015ல நியூயார்க் பிராங்க்ஸ்லயும் வந்துச்சு, அங்க ஒரு ஓட்டல் மொட்டை மாடி கூலிங் டவர்ல இருந்து, அதாவது பெரிய கட்டட ஏசியோட சூட்ட தண்ணி தெளிச்சு ஆத்துற டவர்ல இருந்து, பரவினதுன்னு கண்டுபிடிச்சாங்க. அந்த கிருமி 20லருந்து 45 டிகிரி வரைக்கும் இருக்கிற வெதுவெதுப்பான தண்ணில பெருகும், அந்த தண்ணி பனி மாதிரி தெறிச்சு அத மூச்சுல இழுத்தாதான் பொதுவா தொத்தும். உங்க வீட்டு ஸ்ப்ளிட் ஏசில கூலிங் டவரே கிடையாது, அவுட்டோர் யூனிட் காத்துலதான் ஆறுது, அதனால இந்த பயத்த விட்டுருங்க. பெரிய ஆபீஸ், ஆஸ்பத்திரி, மால்ல மேல டவர் வச்சு ஓட்டறவங்கதான் தண்ணிய டெஸ்ட் பண்ணி மருந்து போட்டு வைக்கணும், நம்ம கஸ்டமர்ல ரெண்டு மூணு பேர் அந்த வகை, அவங்களுக்கு தனியா போன் பண்றேன்.

வீட்ல நீங்களே பண்ணக்கூடியது கொஞ்சம்தான். ஃபில்டர ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை குழாய்ல காட்டி கழுவி நிழல்ல நல்லா காய வச்சு மாட்டுங்க, வெயில்ல போட்டா ஃப்ரேம் வளைஞ்சுக்கும், ஈரத்தோட மாட்டினா நீங்களே விதை போட்ட மாதிரி. காலையில ஏசிய டப்புனு ஆஃப் பண்ணாம அரை மணி நேரம் ஃபேன் மோட்ல ஓட விடுங்க, காயில் காஞ்சுரும். ரிமோட்ல ட்ரைன்னு ஒண்ணு இருக்கே அது உள்ள காய வைக்கிற பட்டன்னு நிறைய பேர் நினைச்சுக்கிட்டு இருக்காங்க, இல்ல, அது ரூம் ஈரத்த எடுக்கிறது, காயில் இன்னும் நனையத்தான் செய்யும். ட்ரெயின் பைப் நுனி பக்கெட் தண்ணிக்குள்ள முங்கி இருக்கக்கூடாது, பைப்ல காத்து அடைச்சுக்கிட்டு தண்ணி ட்ரேலயே நின்னுரும், பல வீட்ல சுவத்துல வழியறதுக்கு காரணமே இதுதான். நேரா சாக்கடை லைன்ல சொருகி வச்சிருந்தா அந்த நாத்தமும் சேந்து பெட்ரூமுக்குள்ள வரும், கரப்பான் இலவசம்.

தயவுசெஞ்சு ரூம் ஸ்ப்ரே அடிக்காதீங்க, மல்லிப்பூவும் சாக்ஸும் சேந்த வாசனைதான் மிஞ்சும். ப்ளீச்சிங் பவுடர், பாத்ரூம் ஆசிட்லாம் காயில்ல ஊத்தவே ஊத்தாதீங்க, அலுமினியம் அரிச்சுரும், ரெண்டையும் கலந்தா குளோரின் கேஸ் கிளம்பும், பூட்டின ரூம்ல அது பூஞ்சைய விட ஆயிரம் மடங்கு மோசம்.

நம்ம கடை பசங்க சர்வீஸுக்கு வரும்போது கட்டில கொஞ்சம் நகர்த்தி வச்சு, ஒரு பக்கெட்டும் பக்கத்துல ஒரு தண்ணி பாயிண்ட்டும் குடுத்தா போதும், ஒரு ஏசிக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும், அவசரப்படுத்தாதீங்க. கழுவறதுக்கு முன்னாடி ப்ளோயர போட்டோ எடுத்து காட்ட சொல்லிருக்கேன், கழுவினதுக்கு அப்புறமும் டார்ச் அடிச்சு நீங்களே பாருங்க, கருப்பு மிச்சம் இருந்தா பில்லுல கையெழுத்து போடாம எனக்கு ஒரு போன் அடிங்க. சித்திரை பொறந்துட்டா எங்களுக்கு நிக்க நேரம் இருக்காது, பங்குனிக்குள்ள சொல்லி வச்சீங்கன்னா நீங்க சொல்ற நாளுக்கே வந்துருவோம்.