நோவை மறைக்காதே, மகளே

சாட்ஸ்வொர்த், டர்பன்.

அன்புள்ள மகளுக்கு,

இந்த முறை புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு வந்தபின், குழாய்த் தண்ணீர் கையில் பட்டதும் ஊசி குத்துவதுபோல் இருக்கிறதென்றும், சாப்பாட்டின் முதல் வாயிலேயே தாடை இழுத்துப் பிடிக்கிறதென்றும் போனில் சொன்னாய். சின்ன விஷயம்தானே என்று டாக்டரிடம் மட்டும் சொல்லாமல் வந்திருக்கிறாய். அது சின்ன விஷயமன்று, அம்மா.

உனக்கு ஏற்றும் ஆக்சாலிபிளாட்டின், புற்றுநோயைத் தாக்குவதோடு உணர்ச்சி நரம்புகளையும் பாதிக்கிறது. குளிர் பட்டால் விரலும் தொண்டையும் தாடையும் கூசுவது அதனால்தான். நோய் பரவிவிட்டதோ என்று நீ இரவெல்லாம் அஞ்ச வேண்டியதில்லை. இது பெரும்பாலும் சில நாளில் தணிந்துவிடும். ஜோகன்னஸ்பர்க்கின் ஜூலைக் குளிருக்குக் கையுறை போட்டுக்கொள். ஃபிரிட்ஜில் வெறுங்கையை விடாதே. வெதுவெதுப்பான தண்ணீரையே குடி.

நான் அதிகம் கவலைப்படுவது மெதுவாக வரும் இன்னொரு நோவைப் பற்றி. மருந்து உடம்பில் சேரச் சேர, கை கால் விரல் நுனிகளில் மரத்துப்போதலும் எரிச்சலும் தொடங்கி, அடுத்த முறைக்குள்ளும் தணியாமல் நின்று, சட்டைப் பொத்தான் மாட்டக்கூடக் கை தடுமாறும் நிலை வரலாம். சிகிச்சை முடிந்த பிறகும் சில மாதங்கள் அது கூடக்கூடும். எந்த ஸ்கேனும் இதைக் காட்டாது. நீ வாய் திறந்து சொன்னால்தான், மருந்தின் அளவைக் குறைப்பதா, சிறிது காலம் நிறுத்துவதா என்று டாக்டர் தீர்மானிக்க முடியும். இந்த நரம்பு நோவைத் தணிக்க துலாக்ஸிடின் என்ற மாத்திரையும் சிலருக்குக் கொடுக்கிறார்கள். அது உனக்கு ஏற்றதா என்று அவரிடம் கேள்.

நம் வீட்டுப் பெண்கள் பொறுத்துக்கொள்வதையே பெருமையாக நினைத்து வளர்ந்தவர்கள். தைப்பூசத்தில் அலகு குத்திக் காவடி எடுப்பவர் அந்த நோவைத் தாமே நேர்ந்துகொள்கிறார். உன் நோவு நீ நேர்ந்துகொண்டதன்று. அதைப் பல்லைக் கடித்துத் தாங்குவதால் மருந்து கூடுதலாக வேலை செய்யப் போவதுமில்லை.

இன்னொன்று: வலிக்குப் பாராசிட்டமால் போடும் முன் காய்ச்சல் பார். மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும். கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் உனக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் என்பதே அவசரம், இரவானாலும் உடனே மருத்துவமனையைக் கூப்பிடு.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது, எங்கே வலித்தது, என்றைக்குத் தொடங்கியது, எத்தனை நாள் இருந்தது, வலி பத்துக்கு எவ்வளவு என்று எழுதி எடுத்துப் போ. பேச வரவில்லையென்றால் அந்தத் தாளையே அவர் கையில் கொடுத்துவிடு.

அன்புடன்,
அம்மா