பட்டார் கல்: கூட நின்ற எல்லோருக்கும் நன்றி

ஊர்ப் பெரியவர்களுக்கும், வெளியூரிலிருந்து வந்து, அப்பா நினைவாக நம் ஊரில் நடுகல் நடக் கைகொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

அப்பா உயிர்விட்டது 1971 டிசம்பரில், பாகிஸ்தான் போரில், மேற்கு எல்லையில். எனக்கு அப்போது இரண்டு வயது. வீட்டுக்கு ஒரு தந்தி வந்தது, சில மாதம் கழித்து ஒரு டிரங்குப் பெட்டி வந்தது. அவ்வளவுதான். களத்தில் இறந்தவர்களின் உடலை ஊர் வரைக்கும் கொண்டுவந்து சேர்ப்பது 1999 கார்கில் போரின்போதுதான் வழக்கமானது. அதற்கு முன்பு பெரும்பாலும் அங்கேயே எரியூட்டிவிடுவார்கள். அதனால் அம்மாவுக்குப் போய் நிற்க ஓர் இடம் இல்லை. 50 வருடத்துக்கு மேல் அந்தப் பெட்டிக்குத்தான் பூ வைத்துக்கொண்டிருந்தார்.

டெல்லியில் வேலை பார்க்கும் எங்கள் தெருத் தம்பிக்குத்தான் முதல் நன்றி. 2019-ல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்துக்கு அம்மாவைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனது அவன்தான். அங்கே தியாக சக்கரம் என்று வட்ட வட்டமாகச் சுவர்கள். 25,000-க்கும் மேற்பட்ட பெயர்களைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். அப்பாவின் பெயரை அவன் தேடிக் காட்டியதும் அம்மா விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தடவினார். ரயிலில் திரும்பும்போது, "நம்ம ஊர்லயும் ஒரு கல்லு நட்டா என்னம்மா?" என்று என்னைக் கேட்டார்.

பழைய நடுகற்கள் நிறைந்த செங்கம் பக்கத்து மனுஷிக்கு அது தோன்றியதில் ஆச்சரியமில்லை. ஏரிக்கரையில் வேடியப்பன் என்று நாங்கள் பொங்கல் வைக்கிற கல்லில் வில்லும் வாளுமாக நிற்பது, என்றோ ஒரு சண்டையில் விழுந்த வீரன். ஓய்வுபெற்ற தமிழ் ஐயா இதைச் சொன்ன அன்றுதான் அந்தக் கல்லை நான் சரியாக ஏறிட்டுப் பார்த்தேன்.

கல்லில் என்ன எழுதுவது என்பதில்தான் நாள் ஓடியது. "இறந்தார்" என்பது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "தியாகி" என்றால் நம் ஊரில் சுதந்திரப் போராட்டக்காரர் என்று நினைத்துக்கொள்வார்கள். "வீரமரணம்" சுவரொட்டியில் பார்த்துப் பார்த்துப் பழகிய சொல். ஐயாதான் பழைய நடுகல் எழுத்துகளைப் படித்துக் காட்டினார். மாட்டு மந்தையைத் தொறு என்பார்கள். கள்வர் ஓட்டிப்போனதை மீட்கப்போய் உயிர்விட்டவனுக்கு, "தொறு மீட்டுப் பட்டான் கல்" என்று எழுதினார்கள். பட்டான் என்றால் சண்டையில் விழுந்தான். ஒரே சொல், அலங்காரம் கிடையாது. அம்மா கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அவர 'பட்டான்'னு எழுத மனசு வரல, 'பட்டார்'னு போடுங்க" என்றார். அதுவே நின்றது. ஊர், பெயர், படைப்பிரிவு, ஆண்டு, கடைசியில் "பட்டார் கல்". சங்கப் பாட்டில் "பெயரும் பீடும் எழுதி" என்று வருமே, அதற்கு இது போதும் என்றார் ஐயா. அவருக்கு என் நமஸ்காரம்.

பலகைக் கல்லைத் தேர்ந்து, கூலியில் பாதியை வாங்க மறுத்த சிற்பி அண்ணனுக்கு நன்றி. எழுத்துக்கு மேலே, தலைகீழாக ஊன்றிய துப்பாக்கியும் அதன்மேல் இரும்புத் தொப்பியும் செதுக்கியிருக்கிறார். 1972-ல் இந்தியா கேட்டில் 1971 போர் வீரர்களுக்காக அமைத்த நினைவுச் சின்னத்தில் இருந்த அதே உருவம். தொப்பியின் ஓரத்தை மட்டும் மூன்று முறை திருத்தினார். டிராக்டர் தந்தவருக்கும், ரோட்டோரத்தில் இடம் விட்டுக்கொடுத்த குடும்பத்துக்கும் நன்றி.

கல்லைப் பார்த்துத் தேர்வது, எடுத்து வருவது, நீராட்டுவது, நடுவது, படையல் வைப்பது, வாழ்த்துவது என்று தொல்காப்பியம் முறை சொல்கிறது. நாங்கள் புத்தகத்தைப் பார்த்துச் செய்யவில்லை. ஆனால் விடிகாலையில் பெண்கள் குடம் குடமாக ஏரித் தண்ணீர் கொண்டுவந்து கல்லைக் குளிப்பாட்டியபோது, பின்னால் நின்ற ஐயா "நீர்ப்படை, நீர்ப்படை" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அக்காமாரே, அந்த ஈரத்தை நான் மறக்க மாட்டேன்.

வேலூரிலிருந்து பழைய சீருடைப் பதக்கங்களோடு வந்த முன்னாள் ராணுவத்தினருக்கு என்ன சொல்ல! அப்பாவை அவர்கள் பார்த்ததுகூட இல்லை. பிகிளில் லாஸ்ட் போஸ்ட் வாசித்தார்கள். முகாமில் காவல் எல்லாம் சரிபார்த்து, நாள் முடிந்தது என்று சொல்ல ஊதும் ஊதல் அது என்று ஒரு ஹவில்தார் எனக்குச் சொன்னார். இரண்டு நிமிட மௌனத்தின்போது டவுன் பஸ் வந்து நின்றது. ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பேர்கூடக் கேட்கவில்லை, அண்ணா. உங்களுக்கும் நன்றி.

டிரங்குப் பெட்டி இப்போது பரணில் இருக்கிறது. அம்மா தினமும் சாயங்காலம் ஒரு முழம் கதம்பத்தோடு கல்லுக்கு நடந்து போகிறார். அந்தப் பக்கம் போகிறவர்கள் பார்த்தால் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
அவர் மகள்