முன்னுரை எழுத மறுத்து ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணா,

உங்கள் அயர்லாந்து நூலுக்கு நான் முன்னுரை எழுதப் போவதில்லை. இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துவிடுங்கள். ஆனால் ஏழாம் அத்தியாயத்தை அப்படி எழுதிவிட்டு, நான் உடனே மகிழ்ந்து பதில் போடுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்ததும் நியாயமில்லை.

வட அயர்லாந்தில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ. (ஐரிஷ் குடியரசுப் படை) இயக்கம், 1972 டிசம்பரில் மேற்கு பெல்ஃபாஸ்டில் 10 பிள்ளைகளின் தாயை வீட்டிலிருந்து கொண்டுபோய்ச் சுட்டு, ரகசியமாகப் புதைத்து, 2003இல் லௌத் கடற்கரையில் எலும்புகள் கிடைக்கும்வரை அந்தப் பிள்ளைகளைத் தவிக்கவிட்டதை, ‘இயக்கத்தின் உள் ஒழுங்கு நடவடிக்கை’ என்று ஒரே வரியில் கடந்திருக்கிறீர்கள்.

வட அயர்லாந்தின் என்னிஸ்கில்லன் ஊருக்கு நாம் போயிருந்தபோது, அங்குள்ள போர் நினைவுச் சின்னத்தில் இருக்கும் 11 வெண்கலப் புறாக்களையும் நீங்கள்தான் எனக்கு எண்ணிக் காட்டினீர்கள். 1987 நவம்பர் 8இல் அஞ்சலிக்காக அங்கே கூடியிருந்த 11 பேரை ஐ.ஆர்.ஏ.வின் குண்டு கொன்றதைச் சொல்ல வந்தபோது, ‘நடவடிக்கை பிசகிவிட்டது’ என்றீர்கள். அந்நேரம் கையில் பூவோடு ஒரு முதியவர் அருகில் வந்து நிற்க, உங்கள் குரல் தானாகத் தணிந்தது. அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது, அண்ணா. தெரிந்திருந்தால் அவரிடம் என்ன சொல்லியிருப்பீர்களோ, அதைத்தான் இந்த நூலில் தேடினேன்.

அரசாங்க அறிக்கையை எப்படி வாசிக்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தவரே நீங்கள்தான். 1972 ஜனவரி 30இல் வட அயர்லாந்தின் டெரி நகரத் தெருக்களில் 13 பேரைச் சுட்டுக் கொன்றுவிட்டு, ஆயுதம் ஏந்தியவர்களைத்தான் சுட்டோம் என்று பிரிட்டிஷ் ராணுவம் சாதித்ததையும், 2010இல்தான் பிரதமர் மன்னிப்புக் கேட்டதையும் நீங்கள் விளக்கிய மாலையை நான் மறக்கவில்லை. அவர்களுடைய பூசிமெழுகலை வரிவரியாகச் சுரண்டிக் காட்டிய அதே கை, இங்கே தானே பூசுகிறது. ஐ.ஆர்.ஏ.கூட 2002 ஜூலையில் மன்னிப்புக் கேட்டது. ‘போரில் ஈடுபடாதவர்கள்’ சாவுக்கு மட்டும் என்று வேலி போட்டுக்கொண்டுதான் கேட்டது என்றாலும் கேட்டது. நீங்கள் அவ்வளவு தூரம்கூட வரவில்லை.

பலரும் படிக்கும் இடம் என்பதால் உங்கள் தந்தையாரின் முடிவைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். அதைச் சொன்ன இரவில் ‘கொலை’ என்ற சொல்லுக்கு நீங்கள் சற்றும் தயங்கவில்லை என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறேன். அதற்காக என்மேல் கோபப்பட்டால், படுங்கள்.

கைப்பிரதியைத் தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மற்ற அத்தியாயங்களில் எழுத்துப்பிழைகளைத் திருத்திவிட்டேன். ஏழாவதில் பேனா வைக்கவில்லை. அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தம்பி