தெரிந்த முகம்தான் கொலைகாரர்

ஆசிரியருக்கு,

துப்பறியும் தொடர்களில் கௌரவ வேடத்துக்குப் பெரிய நடிகரைப் போட்டாலே சஸ்பென்ஸ் போச்சு, 'இவர்தான் கொலைகாரர்' என்று பத்தாவது நிமிடமே தெரிந்துவிடுகிறது என்று சென்ற இதழ் கட்டுரையில் அலுத்துக்கொண்டிருந்தீர்கள். வாஸ்தவம்தான். எங்கள் வீட்டில் டைட்டிலில் பெயரைப் பார்த்ததுமே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்தக் குறையையே மூலதனமாக்கிய அமெரிக்கத் தொடர் 'கொலம்போ' எப்படி விட்டுப்போனது?

அதில் கொலை செய்தது யார் என்ற கேள்வியே கிடையாது. தொடக்கத்திலேயே நம் கண்ணெதிரே கொலை நடக்கும். செய்பவர் பெரும்பாலும் அந்தக் கதைக்கு வந்த விருந்தாளி நடிகர். போலீஸ் துப்பறிவாளர் கொலம்போவாக நடிக்கும் பீட்டர் ஃபால்க் கசங்கிய மழைக்கோட்டோடு வந்து சேரவே வெகு நேரமாகும். அதுவரை கதையைச் சுமப்பது விருந்தாளிதான். பேட்ரிக் மெக்கூஹன் நான்கு முறை கொலைகாரராக வந்து, அதில் இரண்டுக்கு அமெரிக்கத் தொலைக்காட்சியின் எம்மி விருது வாங்கினார். பாடகர் ஜானி கேஷ்கூட 1974-இல் ஒரு கொலை செய்துவிட்டுப் போனார்.

எனக்குப் பிடித்தது 1973 அக்டோபரில் ஒளிபரப்பான கதை. பிரிட்டிஷ் நடிகர் டொனால்ட் ப்ளெசன்ஸ், ஒயின் தயாரிப்பதையே உயிராக நினைக்கும் ஏட்ரியன் கார்சினியாக வருகிறார். ஒயின் ஆலையை மலிவுச் சரக்கு விற்பவர்களிடம் தள்ளிவிடப் பார்க்கிறான் மாற்றாந்தாய் மகனான தம்பி. அவனை அடித்து, ஒயின் பாட்டில்கள் இருக்கும் பாதாள அறையில் கட்டிப் போட்டு, மூச்சுத் திணறிச் சாகட்டும் என்று ஏசியை அணைத்துவிட்டு நியூயார்க் போய்விடுகிறார் கார்சினி. (ஐம்பது வருடம் தாண்டிய கதை, முடிவைச் சொன்னால் கோபிக்க மாட்டீர்களே?)

உணவகக் காட்சியைப் பாருங்கள். பழைய போர்ட் ஒயின் வருகிறது. ப்ளெசன்ஸ் ஒரு வாய் குடிக்கிறார். முகம் சுருங்குகிறது. சூட்டில் வைத்துக் கெடுத்துவிட்டீர்கள் என்று பரிமாறுபவரிடம் பாய்கிறார். அந்த பாட்டிலை கொலம்போ எடுத்து வந்ததோ கார்சினியின் பாதாள அறையிலிருந்தே! ஏசி நின்றிருந்த நாட்களில் ஊரில் கடும் வெயில். அவருடைய நாக்கே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிடுகிறது. சத்தம் போட்டவர் அப்புறம் பாட்டில்களை ஒவ்வொன்றாகக் கடலில் எறியும்போது, பிள்ளையைப் பறிகொடுத்தவர் போல இருக்கிறார். போலீஸ் தொடரில் ஒரே ஒரு முறை வந்துபோன நடிகர் இதைச் செய்திருக்கிறார்.

கடைசியில் காரில் உட்கார்ந்து கொலம்போ இரண்டு கிளாஸில் ஒயின் ஊற்றுகிறார். சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்கும் வகை, சரியாகத் தேர்ந்தெடுத்தது. நன்றாகக் கற்றுக்கொண்டீர்கள் என்று கார்சினி பாராட்டுகிறார். விருது வாங்கியது போல மலர்கிறது கொலம்போவின் முகம்.

படம் முடிந்ததும் என் மனைவி "பாவம், அந்த மனுஷன்" என்றாள். செத்தவனைச் சொல்லவில்லை.

– ஒரு வாசகர், கும்பகோணம்